அலை தாண்டி வந்த பட்டணம்



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன். கண்ணுக்குக் காட்ட வேண்டியதைக் காதுக்குச் சொல்லச் சொல்கிறார்களே என்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். சரித்திரப் படம் போடுகிற யாரும் அந்தக் காலத்தை நேரில் பார்த்ததில்லை. படித்தும் கேட்டும்தான் வரைகிறோம். அந்த வகையில் இன்று நீங்களும் நானும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். முடிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

பழைய நகரம் ஒன்றை நுணுக்கி நுணுக்கி வரைய ஓவியருக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? எனக்குத் தந்த தலைப்பு இது. பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் நான் வரைந்த ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். 1793-ஆம் வருஷம், தை மாதம், காலை நேரம். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு முன்னால் இருக்கிற கடற்கரை. படம் அவ்வளவுதான்.

வேலை கொடுத்தவர் உணவு விடுதி வைத்திருக்கிறவர். புதிதாகக் கட்டிய கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பழைய மெட்ராஸ் வேண்டும் என்றார். நல்ல மனிதர், தாராளமான கை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "படத்துல யானை இருக்கணும் சார்." கடற்கரையில் யானைக்கு என்ன வேலை என்று கேட்டேன். "யானை இல்லன்னா பழைய காலம்னு எப்படித் தெரியும்?" என்றார்.

சிரிக்காதீர்கள். நம் எல்லாருக்கும் அந்த நினைப்பு உண்டு. பழைய காலம் என்றாலே யானை, பல்லக்கு, கோட்டை, கொடி. சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. அவருடைய கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் படமே பிறந்தது. யானைக்குப் பதிலாக எனக்கு அகப்பட்டது ஒரு படகு. ஆணி இல்லாத படகு. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஏன் 1793? 'பழைய மெட்ராஸ்' என்று சொல்லிவிடலாம், தூரிகையை எடுத்தால் அது போதாது. எந்த வருஷம் என்று முடிவு செய்யாமல் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் 1680-இல் ஆனது. ஆனால் இன்று நாம் பார்க்கிற கூம்புக் கோபுரம் 1795-இல் எழுப்பியது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், தேங்காய் எண்ணெய் விளக்குகளோடு 1796-இல் எரியத் தொடங்கியது. ஆக, என் படத்தில் இந்த இரண்டும் கிடையாது. பாரிமுனைப் பக்கம், என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஒரு கல்தூண் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். கோட்டைக்கும் அந்தத் தூண்களுக்கும் நடுவே யாரும் வீடு கட்டக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு. பீரங்கிக் குண்டுக்கு வழி மறிக்கக் கூடாதல்லவா? அங்கே முன்பு இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை, 1746-இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பாதியும், திரும்பி வந்த ஆங்கிலேயர் மீதியுமாக இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்றைய உயர் நீதிமன்றம் அந்த வெட்டவெளியில்தான் எழுந்தது. என் படத்தில் அது வெறும் பொட்டல்.

1793-ஐ நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகள் கம்பெனியிடம் பிணையாகச் சென்னையில் இருந்த காலம் அது. அதைவிட எனக்கு முக்கியம், அந்தத் தை மாதத்தில் இரண்டு ஓவியர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். கல்கத்தாவில் படங்களை லாட்டரி போட்டு விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்து, 1792-இல் சென்னைக்கு வந்து, திருச்சி, மதுரை, குற்றாலம், கன்னியாகுமரி, ராமேசுவரம், தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு 1793 தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பியவர்கள். இருட்டுப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டு போனார்கள். பெட்டியின் முன்னால் ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். எதிரே உள்ள காட்சி உள்ளே தாள்மேல் விழும். விழுந்த கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டிவிடலாம். கட்டடத்தின் அளவு பிசகாது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் 1795 தொடங்கி 1808 வரை 144 அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். அதில் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து பார்க்கிற படம் ஒன்று உண்டு. என் படத்துக்கு நிற்கும் இடத்தைக் கொடுத்தது அதுதான். அங்கே நின்றால் காலை வெயில் கடலிலிருந்து வந்து கோட்டையின் முகத்தில் நேராக விழும்.

அவர்களுக்கு முன்னாலும் சென்னையை வரைந்தவர்கள் உண்டு. 1730-களின் தொடக்கத்தில் லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகச் சுவருக்காக ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இருவர் இந்தக் கோட்டையை வரைந்தார்கள். கரை ஒருவர், கப்பல் ஒருவர். இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை! பார்க்காத ஊரை வரைவதில் எனக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

சரி, இனி கடலுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

1639-இல் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே இந்த இடத்தைப் பிடித்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. ஒதுங்க ஒரு குடா கிடையாது. நேர்கோடாக மணல், அதன்மேல் ஓயாமல் உடைகிற அலை. துணி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிடித்த இடம் இது, கப்பல் நிற்க வசதி என்பதற்காக அல்ல. கப்பல்கள் ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அங்கே நிற்பதும் ஆபத்து. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபோர்தொனே, அக்டோபரில் அடித்த ஒரே புயலில் கப்பல்களைப் பறிகொடுத்தார். இந்தக் கரையில் 1861 வாக்கில்தான் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கட்டி முடிக்கப் போகிற நேரத்தில், 1881 நவம்பர்ப் புயல் அதையும் பிய்த்து எறிந்தது. கணக்குப் போடுங்கள். இரண்டு நூற்றாண்டுக்கும் மேல், ஒரு பெரிய பட்டணம் முழுக்க இந்த அலையைத் தாண்டித்தான் வந்தது, போனது. கவர்னர், பாதிரியார், பீரங்கி, மது பீப்பாய், கடிதம், துணிமூட்டை எல்லாம்.

தாண்ட வைத்தது எது? மசூலா படகு. நம் பக்கத்தில் சலங்கு என்றும் சொன்னார்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து எழுதிவந்த நாட்குறிப்பில், கப்பல் வந்தது, சலங்கு போனது, சரக்கு இறங்கியது என்று இந்தப் படகு வந்துகொண்டே இருக்கும்.

நீளம் சுமார் 30 அடி. அடி தட்டை, பக்கங்கள் உயரம். உள்ளே விலா எலும்பாக நிற்கிற சட்டங்கள் கிடையாது. ஓர் ஆணியும் கிடையாது. மாம்பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். பலகையும் பலகையும் சேரும் இடத்தில், உள்பக்கமாக நாரோ வைக்கோலோ திரியாகச் சுருட்டி வைத்து, அந்தத் திரியின்மேல் கயிறு குறுக்கும் மறுக்குமாக ஓடும். ஏன் இவ்வளவு பாடு? நம் ஊரில் ஆணிக்குப் பஞ்சமா? அலை இந்தப் படகைத் தூக்கி மணலில் அறையும். ஐரோப்பியக் கப்பலோடு வந்த கெட்டிப் படகை அப்படி அறைந்தால் சட்டம் விரிந்து பிளந்து போகும். இது வளைந்து கொடுக்கும். ஓலைப்பெட்டியை உள்ளங்கையால் அமுக்கினால் குழிந்து, விட்டதும் நிமிருமே, அப்படி. தண்ணீர் கசியாதா என்று கேட்பீர்கள். நன்றாகக் கசியும். இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஒரு பையன் உள்ளே இருப்பான். சரக்கு நனையாமலிருக்க அடியில் சுள்ளி பரப்பியிருப்பார்கள்.

படித்ததெல்லாம் சரி, வரையும்போது தையல் எப்படித் தெரியும்? வெயில் பட்டால் நிழல் எந்தப் பக்கம் விழும்? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மரக்கடையில் இரண்டு மாம்பலகை வாங்கி, மாடியில் உட்கார்ந்து துளைபோட்டு, கயிற்றைக் கோத்து நானே தைத்துப் பார்த்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்த உரைக்கு அவசியமில்லை. கயிறு விரலை அறுத்தது. இழுத்து முடிச்சுப் போட ஓர் ஆள் போதாது, பலகையை ஒருவர் மிதித்துக்கொள்ள வேண்டும். உள்பக்கம் தடித்த பின்னலாகத் தெரிகிற தையல், வெளிப்பக்கம் சின்னச் சின்னக் கோடுகளாகத்தான் தெரிந்தது. பலகையைத் தொட்டியில் முக்கினேன். திரி உப்பிக்கொண்டு துளைகளை அடைத்தது. கயிறு ஈரத்தில் கறுத்து, பலகையைவிட ஒரு படி ஆழ்ந்த நிறத்துக்கு வந்தது. படத்தில் கரையில் ஏற்றி வைத்த படகுகளுக்கு வெளுத்த கயிறு, அலையில் நிற்கிற படகுக்குக் கறுத்த கயிறு. விடுதிக்குச் சாப்பிட வருகிறவர்கள் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

துடுப்பும் வேடிக்கையானது. நீளமான கழியின் நுனியில் முட்டை வடிவப் பலகை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பாட்டுப் பாடி வலிப்பார்கள். பின்னால் நீண்ட துடுப்போடு நின்றபடி திசை திருப்புகிறவர் தண்டல். அவர் குரலுக்குத்தான் எல்லாக் கையும் அசையும். கூடவே கட்டுமரங்கள் வரும். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவது கட்டுமரக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் தலையில் ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பி வைத்திருப்பார்கள். கடிதம் நனையாமல் போக வேண்டுமே, அதற்கு அந்தத் தொப்பிதான் தபால் பை.

இவர்கள் உடம்பை வரைவதற்கு எனக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். நொச்சிக்குப்பம் பக்கம் படகுகளைப் பார்த்துப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வலையைப் பிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, கைய மட்டும் போட்னுகிற? கால பாரு. படகுல நிக்கிறவன் கால்லதான் அலை தெரியும்" என்றார். கட்டுமரத்திலும் கரைவலையிலும் காலம் கழித்தவர் அவர். சின்னக் குச்சி ஒன்றை எடுத்து மணலில் படகைக் கீறி, தண்டலின் பாதம் எந்தக் கோணத்தில் ஊன்ற வேண்டும் என்று காட்டினார். முன்கால் விரல்கள் மடங்கி, பின்கால் குதிகால் தூக்கி. "பெரிய அலை வரிசையா வரும். அது போனதும் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அப்பத்தான் பூரணும். அதுவரைக்கும் துடுப்ப புடிச்சிக்கினு சும்மா நிக்கணும் பாரு, அதுதான் கஷ்டம்" என்றார்.

நேயர்களே, என் படத்தின் நடுப்புள்ளி அங்கேதான் கிடைத்தது. அலையோடு மல்லுக்கட்டுகிற படகை எல்லாரும் வரைவார்கள். நான் வரைந்தது காத்திருக்கிற படகை. பன்னிரண்டு துடுப்பும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. எல்லார் கண்ணும் தண்டல் முகத்தில். அவர் கண் மட்டும் பின்னால் எழும்புகிற அலையில். படகில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியை இறுகப் பிடித்திருக்கிறார். கோட்டை அவருக்காகக் காத்திருக்கிறது, அவரோ இந்த ஒரு மனிதரின் வாய் அசைவுக்காகக் காத்திருக்கிறார்.

விடுதிக்காரர் முதல் வரைவைப் பார்த்தார். கரையில் இன்னொரு வெள்ளைக்காரரைப் படகோட்டி ஒருவர் தோளில் சுமந்து வருவதைக் காட்டி, "இது மரியாதையா இருக்குமா சார்?" என்றார். மரியாதையோ இல்லையோ, இங்கிலாந்திலிருந்து எத்தனை பெரிய உத்தியோகத்துக்கு வந்தவரும் கடைசி சில கஜத்தை இப்படித்தான் கடந்தார் என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யானையைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கடிகாரம் ஓடுகிறது. கரையில் வெள்ளைத் துணிமூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. அவை வெறும் நிரப்பல் அல்ல. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தியதே நெசவாளர்களுக்காக. வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் பேட்டை. அந்த ஊர்களின் உழைப்பெல்லாம் இந்த மூட்டைகளில் இருக்கிறது. மூட்டைக்குப் பக்கத்தில் துபாஷிகள் சிலர், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்கள். 1780-இல் சென்னையில் இறங்கிய வில்லியம் ஹாட்ஜஸ், கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிய ஓவியர், மெல்லிய மஸ்லின் உடை சலசலக்கக் கப்பலில் ஏறி வந்தவர்களைப் பற்றித் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தச் சலசலப்பைத் துணி மடிப்பில் கொண்டுவரப் பார்த்தேன். கோட்டைச் சுவருக்கு அப்பால் தெரியும் கட்டடங்களின் பளிங்கு வெள்ளை, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பின் வெள்ளை.

கோட்டைக்குள் கடல்வாசலிலிருந்து உள்ளே போக ஒரு தூண்வரிசை இருந்தது. பல்லாவரத்துக் கருங்கல். பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் ஊரைப் பிடித்தபோது அந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். 1761-இல் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர் திரும்ப எடுத்து வந்தார்கள். சுவர் மறைப்பதால் என் படத்தில் அவை தெரியாது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"கடல் ஏன் சார் கோட்டைக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கு?" என்று படத்தைப் பார்த்த பலரும் கேட்கிறார்கள். அன்று அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது. துறைமுகச் சுவர் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டுத் தென்பக்கம் சேர்ந்தது. இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிற மெரினாவின் அகலம் அப்படி வந்தது. வடக்கே மணல் போய்ச் சேராமல் ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் வசூலித்துவிட்டது கடல்.

இதையெல்லாம் சேர்த்துச் சொன்னால் என் பாடம் ஒன்றுதான். ஓர் ஊரை வரைய வேண்டுமானால் கோபுரத்திலும் கோட்டையிலும் தொடங்காதீர்கள். அந்த ஊர் எந்த வேலையால் பிழைத்தது என்று பாருங்கள், அந்த வேலையைச் செய்த கையையும் காலையும் பாருங்கள். கட்டடங்கள் தாமாகவே பின்னால் வந்து சரியான இடத்தில் நின்றுகொள்ளும். ஆணியடிக்காத அந்தப் படகை எனக்கு யாரும் பரிந்துரைக்கவில்லை. யானை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடியபோது அதுவே அகப்பட்டது.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1796-இல் கலங்கரை விளக்கம் எரிந்தது அந்தக் கட்டடத்தின் மாடியில்தான். டேனியல்களின் அச்சுப்படங்களும் அங்கே இருக்கின்றன. கட்டடங்களைப் பார்த்து முடித்ததும், முன்னால் சின்னதாகத் தெரிகிற மனிதர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெளியூர் நேயர்கள் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. தூத்துக்குடியில் உப்பளம் இருக்கிறது, ஆம்பூரில் தோல் பதனிடும் வேலை இருக்கிறது, காஞ்சிபுரத்தில் தறி இருக்கிறது. அந்த வேலையை ஐம்பது வருஷமாகச் செய்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் சொல்வதை எழுதியாவது வையுங்கள். பின்னால் வரைகிறவர்களுக்கு அது உதவும்.